விளையாட்டின் விதிக்குள் இருக்கும் பாடம்

வகுப்பறையில் விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பாடம் தொடங்குமுன் கைதட்டிப் பாடும் ஒரு பாட்டு, அல்லது பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்ட பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சலுகை. இரண்டுமே பிள்ளைகளுக்குப் பிடித்தவை; இரண்டையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாட்டு முடிந்ததும் வழக்கமான பாடம்தான் தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுகொள்கிறார்கள். கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவர் பகுதியில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு, இத்தனை ஆண்டுகளில் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பாடம் விளையாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல், விளையாட்டின் விதிக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமல் காய் நகராது, அந்தச் சொல்லைச் சரியாக எழுதாமல் ஆட்டம் தொடராது என்னும் நிலையில் குழந்தை தானாகவே பாடத்தைத் தேடி வருகிறது.

இது புதிய சிந்தனை அன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆம் பிரிவில், குழந்தைக்கு இசைவான முறையில் செயல்பாடுகள், கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியாகக் கற்றல் நடைபெற வேண்டும் என்றும், குழந்தை அச்சமின்றிக் கற்க வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாடு அதற்கு முன்பே இந்தப் பாதையில் கால் வைத்துவிட்டது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08ஆம் கல்வியாண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. ஆந்திர மாநிலம் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறைதான் அதற்கு முன்மாதிரி. ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியை எட்டியிருக்கிறது என்று காட்டும் ஏணிப்படிகள், படம் போட்ட அட்டைகள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, அவர்கள் வரைந்தவற்றைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்து, ஆடலையும் பாடலையும் பொம்மலாட்டத்தையும் பாடத்துக்குள் கொண்டுவந்தது.

இவற்றால் விளைந்த நன்மையை நேரில் கண்டவள் நான். ஆயினும், எந்தத் திட்டமும் நாளடைவில் பதிவேட்டு வேலையாகக் கெட்டிப்படும் ஆபத்து இருக்கிறது. அட்டையை எடுத்தாயிற்றா, ஏணிப்படியில் குறித்தாயிற்றா, செயல்பாட்டைப் படம் எடுத்து ஏற்றியாயிற்றா என்பனவே கேள்விகளாகிவிட்டால், பிள்ளையின் தலைக்குள் என்ன நடந்தது என்று பார்க்க யாருக்கும் பொழுது இருப்பதில்லை. ஆகவே, திட்டம் எதுவாக இருந்தாலும், ஒரு விளையாட்டை வகுப்புக்குள் கொண்டுவருமுன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதில் வெற்றி பெற ஒரு பிள்ளை எதை யோசித்தாக வேண்டும்? அதற்கு விடை இல்லையென்றால், அந்த விளையாட்டை மைதானத்துக்கு அனுப்பிவிடுவேன். அங்கே அதற்குரிய மதிப்பு உண்டு.

தாயத்தை எடுத்துக்கொள்வோம். பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். ஒரு முகம் வெறுமையாக இருக்கும், மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும். இரண்டையும் உருட்டிக் கூட்டினால் ஒன்று முதல் ஆறு வரை விழும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று விழுந்தால்தான் தாயம், தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டை கைமாறும். இவ்வளவும் எங்கள் பகுதியில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வீட்டில் தாத்தா பாட்டி ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது.

மூன்றாம் வகுப்பில் இது கூட்டல் பயிற்சி. காய்க்கு முன்னால் எத்தனை கட்டம் இருக்கிறது, எதிரியின் காயை வெட்ட எத்தனை வேண்டும், வெட்டுப்படாத கட்டமான மலையில் ஏறி நிற்க எத்தனை தேவை என்று பிள்ளைகள் வாய்விட்டுக் கணக்குப் போடுகிறார்கள். விரல் விட்டு எண்ணும் பிள்ளையை அடுத்த பிள்ளை பொறுமையிழந்து முந்திக்கொள்ளும். சில நாள்களில் விரல் தானாக மடங்கிவிடும். ஐந்தாம் வகுப்பில் இதே ஆட்டம் வேறொரு கதவைத் திறக்கிறது. ஏன் சிலருக்குத் தாயமே விழுவதில்லை, ஏன் மூன்று மட்டும் அடிக்கடி விழுகிறது என்ற புகார் எல்லா வகுப்பிலும் எழும். அந்தப் புகாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரையில் சுண்ணக்கட்டியால் ஏழு பத்திகள் வரைந்து, விழும் ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக ஒரு கோடு போடச் சொன்னேன். ஒரு பிற்பகல் முழுவதும் உருட்டினார்கள். மூன்றின் பத்தி நெடுகிலும் வளர்ந்தது; ஆறும் பன்னிரண்டும் அடியிலேயே நின்றுவிட்டன.

ஏன் என்று கேட்டதற்கு முதலில் கிடைத்த விடை, அது ராசி என்பது. பிறகு ஒரு சிறுமி, மூன்றை நிறைய விதமாகப் போடலாம் என்றாள். வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும். அவ்வளவுதானா என்றேன். இரண்டும் ஒன்றும் என்று ஒருவன் சேர்த்தான். உடனே சண்டை. ஒன்றும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றேதானே டீச்சர் என்று பாதி வகுப்பு. இல்லை, வேறு வேறு என்று மறுபாதி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு கட்டையின் நுனியில் சிவப்பு நூலைக் கட்டிக் கொடுத்தேன். நூல் கட்டிய கட்டையில் ஒன்று, வெறுங்கட்டையில் இரண்டு. அடுத்த உருட்டலில் நூல் கட்டியதில் இரண்டு, வெறுங்கட்டையில் ஒன்று. கண்ணெதிரே இரண்டும் வேறாகத் தெரிந்ததும் சண்டை ஓய்ந்தது. அதன்பின் மொத்த வழிகளை அவர்களே எழுதினார்கள்: நான்கு நான்காகப் பதினாறு. அவற்றில் மூன்றுக்கு நான்கு வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, தாயத்துக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று.

பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், மறுபடி உருட்டத் தரும் எண்கள் எல்லாமே அரிதாக விழுபவை என்று கண்டுபிடித்தான். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றைச் சேர்த்தால் பதினாறில் ஆறு வழி. இரண்டு, மூன்று, நான்கைச் சேர்த்தால் பத்து. இந்த ஆட்டத்தை வகுத்தவர்கள், எளிதில் கிடைப்பதற்குப் பரிசு இல்லை என்று யோசித்தே விதி வைத்திருக்க வேண்டும் என்று அவன் சொன்னபோது, அந்த வகுப்பில் நான் கற்பித்தது மிகக் குறைவு என்பதும், ஒரு நல்ல விளையாட்டு எவ்வளவு கற்பிக்கும் என்பதும் எனக்கு ஒருசேர விளங்கின. நிகழ்தகவு என்ற பெயரில் இது அவர்களுக்குப் பாடமாக வரப் பல ஆண்டுகள் ஆகும். அப்போது அது அந்நியமாக இருக்காது.

எங்கள் பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு வேறொரு செய்தியைச் சொல்கிறது. அம்மாவோடு கடைத்தெருவில் மீன் விற்க உட்காரும் பிள்ளைகள் பலர். ஒரு கூறு 65 ரூபாய் என்றால், 100 ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு 35ஐ நொடியில் எண்ணிக் கொடுப்பார்கள். அதே பிள்ளை நோட்டில் 100இலிருந்து 65ஐக் கழிக்கும்போது 45 என்று எழுதுகிறது. சில வேளைகளில் 165 என்றும் எழுதுகிறது. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விந்தை அன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வு இதையே சொன்னது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைக் குறித்து, பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. சந்தையில் கெட்டிக்காரராக இருக்கும் பிள்ளை பள்ளிக் கணக்கில் தடுமாறுகிறது, பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளை சந்தையில் தடுமாறுகிறது. இரண்டு கரைக்கும் நடுவே பாலம் கட்டுவதுதான் வகுப்பறையின் வேலை.

அதனால் மூன்றாம் வகுப்பில் மீன் கடை வைக்கிறோம். பழைய நாள்காட்டி அட்டையில் மத்தி, சங்கரா, நெத்திலி, வஞ்சிரம் என்று வெட்டி வண்ணம் தீட்டுவது பிள்ளைகளின் வேலை. கூறு கட்டுவதும் விலை வைப்பதும் அவர்களே. வாங்குபவரிடம் காகிதப் பணம் இருக்கும். இங்கே நான் சேர்த்த விதி ஒன்றே ஒன்று: மீதியைக் கொடுக்கும்போது எப்படி எண்ணுகிறீர்களோ, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அறுபத்தைந்து, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு என்று மேலே ஏறித்தான் எண்ணுகிறார்கள். அவர்கள் கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே போகிறார்கள். அந்த வாய்மொழியை அப்படியே கரும்பலகையில் எண்கோடாக வரைந்தால், 65இலிருந்து 70க்கு ஒரு தாவல் ஐந்து, அங்கிருந்து மூன்று தாவல் முப்பது, ஆக 35 என்று தெரிகிறது. இதைக் கண்ட பிறகு கடன் வாங்கிக் கழிக்கும் முறையைக் கற்பித்தால், விடை 165 என்று வந்த நோட்டைப் பார்த்துப் பிள்ளையே சிரிக்கிறது. நூறு கொடுத்தவருக்கு நூற்று அறுபத்தைந்து திருப்பிக் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று அதற்குத் தெரியும். தவறை ஆசிரியர் காட்டுவதைவிட, தன் கடையின் நட்டம் காட்டும்போது அது ஆழமாகப் பதிகிறது.

தமிழ்ப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சொல் சங்கிலி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். மரம் என்றால் மகர வரிசையில் மீன். மீன் என்றால் அடுத்த பிள்ளை திகைக்கிறது, ஏனெனில் னகரத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல்லே இல்லை. இந்த இடத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் வேறு சொல் சொல்லு என்று ஆட்டத்தைத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளாமல், என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேட்டால், பிள்ளைகள் விதி வகுக்கிறார்கள். னகரத்துக்கு நகரம் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆண்டு வகுப்பு முடிவு செய்தது. ழகரத்துக்கு மாற்று இல்லை. அந்த எழுத்தில் முடித்தவருக்கு ஒரு புள்ளி என்று வைத்தார்கள்.

அந்த ஒரு விதி செய்த வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாளே பிள்ளைகள் ழகர மெய்யில் முடியும் சொற்களைச் சேகரித்துக்கொண்டு வந்தார்கள்: தமிழ், கூழ், யாழ், புகழ், இதழ், சிமிழ். எங்கள் பகுதிப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும். பழத்தைப் பளம் என்று சொல்லும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தேளைத் தேழ் என்று எழுதிப் புள்ளி கேட்ட பையனிடம் எதிரணி அகராதியை விரித்துக் காட்டியது. எழுத்துப்பிழைக்காக நான் எத்தனை சிவப்புக் கோடு போட்டிருந்தாலும் அகராதியைப் புரட்டியிராத கைகள், ஒரு புள்ளிக்காகப் புரட்டின. மொழிக்கு முதலில் வரும் எழுத்து, இறுதியில் வரும் எழுத்து என்னும் இலக்கணப் பகுதியை உயர் வகுப்பில் மனப்பாடம் செய்யும் மாணவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்த விதிகளை எட்டு வயதில் முட்டி மோதித் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அது மனப்பாடமாக இருக்காது.

எல்லா விளையாட்டும் கற்றலுக்கு உகந்தது என்று நான் சொல்ல வரவில்லை. குறிப்பாக, தவறு செய்தவர் வெளியேறும் ஆட்டங்களை வகுப்பறையில் நான் முற்றிலும் தவிர்க்கிறேன். வாய்ப்பாடு கேட்டு, தவறினால் அவுட் என்று உட்கார வைக்கும் போட்டியை எண்ணிப் பாருங்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளை முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடும். எல்லாம் தெரிந்த இரண்டு பிள்ளைகள் கடைசிவரை ஆடுவார்கள். பயிற்சி யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு, யாருக்குத் தேவையில்லையோ அவருக்கு இருபது. அதோடு, தெரியாதது அத்தனை பேர் முன்னால் அம்பலமான வலியும் அந்தப் பிள்ளையிடமே தங்கிவிடுகிறது. தாயமும் பல்லாங்குழியும் இந்த வகையில் எவ்வளவோ மேல். காய் வெட்டுப்பட்டாலும் மறுபடி தாயம் போட்டு இறங்கலாம். குழி காலியானாலும் அடுத்த ஆட்டத்தில் எழலாம். யாரும் பலகையை விட்டு எழுந்து போக வேண்டியதில்லை.

விளையாட்டின் பெரும் பலம், அதில் தவறுக்கு விலை குறைவு என்பது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார்; மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்து, அது சென்னை முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்துக்குப் போனது. மணலில் எழுதிய தவற்றைக் கையால் தடவினால் போதும். அடித்தல் திருத்தல் இல்லை, சிவப்பு மை இல்லை, வீட்டில் காட்ட வேண்டிய நோட்டு இல்லை. திண்ணைப் பள்ளியின் பிரம்படியையும் சாதிக் கட்டுப்பாட்டையும் நான் மறக்கவில்லை. அவற்றை விட்டுவிட்டு மணலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கடலோர ஊர்ப் பள்ளிக்கு ஒரு தட்டு மணலுக்கு யாரும் நிதி ஒதுக்க வேண்டியதில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் அதில்தான் என் வகுப்பில் எழுதத் தொடங்குகிறார்கள்.

இதெல்லாம் ஆசிரமப் பள்ளிக்குச் சரி, நமக்குச் சரிப்படுமா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் எழும் கேள்வி அது. 1943இல் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் தொடங்கிய பள்ளி, பட்டமோ சான்றிதழோ நோக்கமில்லாத கல்வியை இன்றுவரை நடத்திவருகிறது. அந்தச் சுதந்திரம் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் ஆரோவில்லை ஒட்டிய உதவி பள்ளியிலும் இசை அம்பலம் பள்ளியிலும் படிப்பவர்கள் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளே. அங்கே அவர்கள் பொருள்களைக் கையாண்டும் தாங்களே உருவாக்கியும் கணிதம் கற்கிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மனப்பாடம் என்று பிரித்துவைப்பதை என்னால் ஏற்க முடியாது.

உண்மையான தடை ஆள் பற்றாக்குறை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள். அப்படியானால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். இந்த நிலையில் விளையாட்டு சுமை என்று தோன்றும். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. விதி நன்கு தெரிந்த ஆட்டம் ஒன்று நடக்கும்போது, ஒரு குழு ஆசிரியர் இல்லாமலே இயங்கும்; அந்த நேரத்தில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் நான்கு பிள்ளைகளோடு நான் உட்கார முடியும். இதற்கு இரண்டு முன்னேற்பாடு தேவை. புதிய ஆட்டத்தை ஒருபோதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கற்பிக்கக் கூடாது. நான்கு பிள்ளைகளுக்குக் கற்பித்து, அவர்களைக் குழுவுக்கு ஒருவராக அனுப்ப வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடமாவது, என்ன யோசித்தாய், எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பேசவைக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் விளையாட்டு விளையாட்டாகவே போய்விடும். மேற்பார்வைக்கு வருபவர் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தால், எந்தக் குழுவிலாவது பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள் சார் என்று பணிவாகச் சொல்வேன். உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் எழுந்திருக்க மறந்துவிடுகிறார்கள்.

கையெழுத்தும் வாய்ப்பாடும் பயிற்சியால்தான் வரும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவற்றை விளையாட்டு என்று போர்த்திக் கொடுத்தால் பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள். இது பழக வேண்டியது, தினமும் கொஞ்சம் எழுதுவோம் என்று நேராகச் சொல்லிவிடுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பெற்றோரின் தயக்கத்தைப் பேச்சால் போக்க முடியவில்லை. படிக்க அனுப்பினால் தாயம் உருட்டுகிறார்களாமே என்று ஒரு தந்தை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டபோது, அடுத்த கூட்டத்தைப் பிள்ளைகளோடு ஆடும் கூட்டமாக வைத்தோம். மகள் தரையில் பதினாறு வழிகளை எழுதிக் காட்டியதை அவர் நின்று பார்த்தார். அன்று வந்திருந்த ஒரு பாட்டி, எங்க காலத்துல பித்தளைக் கட்டை ஏது கண்ணு, புளியங்கொட்டைதான் என்று, நான்கு கொட்டைகளை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிக் காட்டினார். வெள்ளை எத்தனை விழுகிறதோ அதுவே எண். நான்கும் கறுப்பாக விழுந்தால் எட்டு. பிள்ளைகள் உடனே வழிகளை எழுதத் தொடங்கினார்கள். நான்கு கொட்டைக்கும் பதினாறே வழி. ஆனால் இங்கே அதிக வழி உள்ளது மூன்றுக்கு இல்லை, இரண்டுக்கு. எழுதிய பட்டியலோடு உருட்டிய கணக்கு ஒத்துவரவில்லை. எட்டு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக விழுகிறது. தேய்த்த பக்கம் தட்டையாகிவிட்டதால் அது அடியில் படியப் பார்க்கிறது என்கிறான் ஒருவன். கொட்டை சரியாகத் தேயவில்லை என்கிறாள் இன்னொருத்தி. ஒரே ஒரு கொட்டையை நூறு முறை உருட்டிப் பார்ப்பதென்று ஐந்தாம் வகுப்பு முடிவு செய்திருக்கிறது. திங்கட்கிழமை பிற்பகல் அதற்காக ஒதுக்கியிருக்கிறேன்.